ரிவிஷன் வந்தாலே டூல்பாத் உடைகிறது: கேட் (CAD), கேம் (CAM) ஒரே மென்பொருளிலா, தனித்தனியாகவா?

மைக்ரான்_பத்து கேட்கிறார்:

மூன்று 3-அச்சு விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்). கன்ட்ரோல் இரண்டில் ஃபேனுக், ஒன்றில் சீமென்ஸ். லைவ் டூல் உள்ள லேத் ஒன்று, அதுவும் ஃபேனுக். அடுத்து ஹைடென்ஹைன் கன்ட்ரோலோடு ஒரு டிரனியன் (சாய்ந்து சுழலும் மேசை) 5-அச்சு மெஷின் வருகிறது. அதில் பெரும்பாலும் 3+2 வேலைதான் (இரண்டு சுழல் அச்சைத் திருப்பி நிறுத்திவிட்டு மூன்று அச்சில் வெட்டுவது). ஐந்து அச்சும் சேர்ந்து ஓடுகிற வேலை அபூர்வம்.

வேலையில் பாதி சொந்த டிசைன்: ஃபிக்ஸ்சர், கியர்பாக்ஸ் ஹவுசிங், பிராக்கெட். மறுபாதி வெளியிலிருந்து ஸ்டெப் (எந்த மென்பொருளிலும் திறக்கும் பொது 3டி வடிவம்) கோப்பாக வருகிறது, கூடவே டிராயிங் பிடிஎஃப்.

இப்போதைய முறை: சாலிட்வொர்க்ஸில் (கேட், அதாவது வரையும் மென்பொருள்) மாடல், ஸ்டெப்பாக எடுத்து தனி கேம் மென்பொருளில் (மாடலிலிருந்து டூல் ஓடும் பாதையான டூல்பாத்தை எடுப்பது) புரோகிராம். டிசைனர் ஒரு பாக்கெட்டை 2 மி.மீ. நகர்த்தினால்கூட புது ஸ்டெப்பை உள்ளே எடுத்து, முகங்களை மறுபடி தேர்ந்தெடுத்து, முப்பது நாற்பது ஆபரேஷனைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஏதாவது ஒரு ஆபரேஷன் பழைய மாடலிலேயே தங்கிவிடும் அபாயம் வேறு.

கேட்டுக்குள்ளேயே இயங்கும் கேமுக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா? போஸ்ட் பிராசஸரை (டூல்பாத்தை அந்தந்த கன்ட்ரோலின் ஜி-கோடாக எழுதித் தருவது) எப்படிச் சோதித்து வாங்குவது? டெமோவில் எல்லாமே அழகாகத்தான் ஓடுகிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

---

சுழல்தண்டு:

தீரும், ஆனால் பாதி வேலைக்கு மட்டும்.

கேம் ஒரு முகத்தை அடையாளம் காண்பது மாடலுக்குள் அந்த முகத்துக்கு இருக்கும் எண்ணை வைத்து. ஸ்டெப் கோப்பில் வடிவம் இருக்கிறது; அது எந்த ஸ்கெட்ச், எந்த ஃபீச்சரிலிருந்து வந்தது என்ற வரலாறு இல்லை. ஒவ்வொரு ஏற்றுமதியிலும் முகங்களுக்குப் புது எண் விழும். கண்ணுக்கு அதே பாகம், கேமுக்கு முன்பின் தெரியாத பாகம். கேட்டுக்குள் இயங்கும் கேம் (சாலிட்வொர்க்ஸுக்குள் கேம்வொர்க்ஸ், எச்எஸ்எம்வொர்க்ஸ், மாஸ்டர்கேம் ஃபார் சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸும் ஃபியூஷனும் இரண்டையும் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன) ஃபீச்சர் மரத்தோடு ஒட்டியிருப்பதால், அளவு மாறினால் எந்த ஆபரேஷன் காலாவதி என்று கொடி காட்டும், ரீஜெனரேட் கொடுத்தால் போதும்.

அந்த ஒட்டுதல் டிசைனரின் பழக்கத்தைப் பொறுத்தது. ஸ்கெட்ச்சில் அளவை மாற்றினால் முகம் பிழைக்கும். அதே பாக்கெட்டை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் கேம் வெறுமையாகத் தேடும். ஃபில்லெட் (உருட்டிய விளிம்பு), சேம்ஃபரை (சாய்த்து வெட்டிய விளிம்பு) மரத்தின் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு ஃபில்லெட் நுழைந்தால் கீழே உள்ள விளிம்புகள் எல்லாம் இடம் மாறும். ஃப்ரீகேட்டில் வெகுகாலம் தலைவலியாக இருந்ததும் இதே முகப்பெயர்ச் சிக்கல்தான். 2024 இறுதியில் வந்த 1.0 பதிப்பில்தான் அதற்குப் பெருமளவு மருந்து கிடைத்தது.

இன்னொன்று, டிசைன் மாடலிலேயே கேம் ஓட்டாதீர்கள். டிசைன் பாகத்தை ‘இன்சர்ட் பார்ட்’ மூலம் ஒரு புது பாகத்துக்குள் கொண்டுவாருங்கள். அதுதான் மெஷினிங் மாடல். வேறு செட்டிங்கில் போடும் துளைகளை அதில் மூடுங்கள், செதுக்கெழுத்து இருந்தால் அமுக்குங்கள், டாலரன்ஸ் திருத்தம் வேண்டிய முகங்களை அங்கேயே நகர்த்துங்கள். பிறகு ஒரு அசெம்பிளி: வைஸ், ஜா, ஸ்டாக், மெஷினிங் மாடல். வொர்க் ஆஃப்செட் (மெஷினில் ஜாப்பின் பூஜ்ஜியப் புள்ளி) எங்கே எடுக்கப்படுமோ அங்கே ஒரு கோஆர்டினேட் சிஸ்டம். கேம் அந்த அசெம்பிளியில் ஓடட்டும். டிசைன் மாறினால் மாற்றம் இரண்டு படி தாண்டி வரும், மோதல் சோதனைக்கு வைஸும் கண்முன் இருக்கும், டிசைனரின் கோப்பை யாரும் அழுக்காக்க வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வரும் ஸ்டெப்புக்கு எந்த மென்பொருளாலும் மந்திரம் போட முடியாது. ரிவிஷன் வந்தவுடன் பழைய கோப்பை ஓரங்கட்டாமல் இரண்டின் கன அளவையும் ஈர்ப்பு மையத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு சாலிட்வொர்க்ஸின் ‘கம்பேர் ஜியாமெட்ரி’ போன்ற கருவியில் மாறிய முகங்களை நிறம் போட்டுப் பாருங்கள். மாற்றம் நாலைந்து முகம்தான் என்றால் பழைய மாடலிலேயே ‘மூவ் ஃபேஸ்’ கொடுத்து நகர்த்தி, புது ஸ்டெப்பை மேலே வைத்து ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். டூல்பாத் உயிரோடிருக்கும்.

ஸ்டெப்பிலும் ரகம் உண்டு. ஏபி203-இன் பழைய பதிப்பில் வடிவம் மட்டும்தான். ஏபி214-இல் முக நிறமும் லேயரும் வரும். ஏபி242-இல் டாலரன்ஸ் குறிப்புகளையும் மென்பொருள் படிக்கும் வடிவில் ஏற்றலாம். உங்கள் கேம் 242-இன் குறிப்புகளைப் படிக்காது என்றால் 214-இல் நிறத்தையே மொழியாக்குங்கள்: ரீமர் துளை பச்சை, டாப் நீலம், ஃபினிஷிங் முகம் சிவப்பு. நிறத்தை வைத்து முகங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் வசதி நிறைய கேமில் இருக்கிறது. ஐஜெஸ் (பழைய கோப்பு வடிவம்) வந்தால் திருப்பி அனுப்பி ஸ்டெப் கேளுங்கள். பரப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து சாலிடாகத் தைக்க மறுக்கும். பாராசாலிட் கோப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸ், சாலிட் எட்ஜ், ஆன்ஷேப் நான்கின் உள்ளேயும் வடிவக் கணக்கைச் செய்வது அதே பாராசாலிட் கர்னல்தான், மொழிபெயர்ப்பு நஷ்டம் இல்லை.

புதிதாக வாங்கும் முன் கையில் இருப்பதைப் பாருங்கள். சாலிட்வொர்க்ஸ் சந்தா நடப்பில் இருந்தால் சாலிட்வொர்க்ஸ் கேம் ஸ்டாண்டர்ட் கூடவே வருகிறது. 2.5-அச்சு மில்லிங் மட்டும்தான். லேத்துக்கும் 3+2-க்கும் அசெம்பிளியில் ஓட்டவும் புரொஃபஷனல் வேண்டும். பிராக்கெட், ஃபிக்ஸ்சர் தட்டுகளை வைத்து, அசெம்பிளி இல்லாமல் மெஷினிங் மாடல் அளவில் இந்த முறை ஒத்துவருகிறதா என்று பார்க்க ஸ்டாண்டர்டே போதும்.

---

இசட்_ஜீரோ:

போஸ்ட் பற்றி. மென்பொருள் தேர்வில் முக்கால் பங்கு இதுதான் என்பேன். டூல்பாத் எவ்வளவு அழகாக இருந்தாலும் மெஷினுக்குப் போவது போஸ்ட் எழுதும் வரிகள்.

100 × 100 × 40 அலுமினியக் கட்டையில் ஒரு சோதனைப் பாகம் வரையுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கட்டர் காம்பென்சேஷனோடு (டூலின் ஆரத்துக்கேற்பப் பாதையைத் தள்ளும் திருத்தம்) ஒரு பாக்கெட், முழு வட்டம் ஒன்று, எக்ஸ்ஒய், இசட்எக்ஸ், ஒய்இசட் மூன்று தளத்திலும் வில், ஹெலிக்ஸில் இறங்கும் ஒரு துளை, எம்8 ரிஜிட் டாப், பெக் டிரில், இரண்டு டூல் மாற்றம், இரண்டு வொர்க் ஆஃப்செட். விற்பவரிடம் இதைக் கொடுத்து உங்கள் மூன்று கன்ட்ரோலுக்கும் போஸ்ட் செய்து தரச் சொல்லுங்கள். வரும் கோப்பை வரி வரியாகப் படியுங்கள்.

ஃபேனுக்கில் முதலில் பார்க்க வேண்டியது தசமப் புள்ளி. பாராமீட்டர் 3401-இன் முதல் பிட் 0-வில் இருந்தால் ‘எக்ஸ்10’ என்பது 10 மி.மீ. அல்ல, 0.010 மி.மீ. போஸ்ட் எப்போதும் ‘எக்ஸ்10.’ என்று புள்ளியோடு எழுத வேண்டும். சீமென்ஸிலும் ஹைடென்ஹைனிலும் புள்ளி இல்லாவிட்டாலும் 10 மி.மீ. தான். அதனால் ஒரு கன்ட்ரோலில் நன்றாக ஓடிய போஸ்ட்டை நகலெடுத்து இன்னொன்றுக்குத் திருத்தும்போது இது வழுக்கும்.

அடுத்து வில். ஃபேனுக்கும் சீமென்ஸும் வட்ட மையத்தைத் தொடக்கப் புள்ளியிலிருந்து கணக்கிடும். ஹைடென்ஹைனில் சிசி மையம் வழக்கமாக முழு ஆயமாக வரும். மிகச் சிறிய வில்லில் மூன்று தசமத்துக்கு முழுமையாக்கும்போது தொடக்க ஆரமும் முடிவு ஆரமும் ஒத்துவராமல் ஃபேனுக் 20-ஆம் எண் அலாரம் கொடுக்கும். பாராமீட்டர் 3410-ஐக் கூட்டி அலாரத்தை வாயடைப்பதை விட, போஸ்ட்டில் குறைந்தபட்ச வில் நீளம் வைத்து அதற்குக் கீழே நேர்கோடாக்குவதுதான் சரியான வைத்தியம். முழு வட்டம் ஆர் சொல்லோடு வந்திருந்தால் அந்தப் போஸ்ட்டை எழுதியவர் மெஷின் பக்கம் போனதில்லை.

கட்டர் காம்பென்சேஷனில் ஆபரேட்டரும் புரோகிராமரும் வேறு வேறு முறையை மனதில் வைத்திருந்தால் ஜாப் காலி. வியர் முறையில் டூலின் ஆரத்தைக் கேமே கழித்துவிடும். டி (D) ஆஃப்செட் 0-விலிருந்து தொடங்கும், 0.01, 0.02 என்று தேய்மானம் மட்டும் போடுவோம். கன்ட்ரோல் முறையில் டி-யில் முழு ஆரம். வியர் முறையில் போஸ்ட் ஆன புரோகிராமுக்கு டி-யில் 5 என்று அடித்தால் டூல் இன்னொரு 5 மி.மீ. விலகும், உள் மூலையில் இடமில்லாமல் அலாரம் வந்தால் அதிர்ஷ்டம். கடை முழுக்க வியர் முறை என்று ஒன்றாக முடிவு செய்து, போஸ்ட்டின் தலைப்பிலேயே அதை கமென்ட்டாக எழுத வையுங்கள். ஜி41 (காம்பென்சேஷனைத் தொடங்கும் கட்டளை) நேர்கோட்டில் ஏறுகிறதா என்றும் பாருங்கள். வில்லில் ஏற்றினால் அலாரம்.

ஃபேனுக்கில் டூல் 12-க்கு எச்12 (நீள ஆஃப்செட்), டி12 (ஆர ஆஃப்செட்) என்பது பழக்கம். சீமென்ஸில் டி என்பது டூலின் வெட்டுமுனை எண். சாதாரண டூலுக்கு டி1 தான். அங்கே டி12 வந்தால் அப்படி ஒரு முனையே இருக்காது. எம்8 டாப்பில் ஃபேனுக்கில் எஸ்500 என்றால் எஃப்625 வர வேண்டும் (பிட்ச் 1.25), முன்னால் எம்29 இருக்க வேண்டும், சீமென்ஸில் சைக்கிள்84, ஹைடென்ஹைனில் சைக்கிள் 207.

படித்து முடித்த பிறகு காற்றில் ஓட்டம்: எக்ஸ்டர்னல் ஆஃப்செட்டில் இசட் +100, ரேபிட் 25%, சிங்கிள் பிளாக், ‘டிஸ்டன்ஸ் டு கோ’ மீது கண். முடிந்ததும் அந்த 100-ஐ அழியுங்கள். அழிக்காமல் அடுத்த ஜாப் போட்டால் அது காற்றை வெட்டும். அதைப் பார்த்துவிட்டு யாராவது டூல் நீளத்தைத் திருத்தினால்தான் விபரீதம்.

5-அச்சுக்கு வருவோம். 3+2-வில் போஸ்ட் இரண்டு விதமாக எழுதலாம். ஏ, சி கோணங்களையும் அதற்கேற்பத் திருப்பிய எக்ஸ், ஒய், இசட்டையும் கேமே கணக்கிட்டு எழுதுவது ஒன்று. ஜாப் மேசையில் அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலும் மறுபடி போஸ்ட் எடுக்க வேண்டும். மற்றது தளத்தைத் திருப்பும் வேலையைக் கன்ட்ரோலிடமே விடுவது: ஹைடென்ஹைனில் பிளேன் ஸ்பேஷியல், சீமென்ஸில் சைக்கிள்800, ஃபேனுக்கில் ஜி68.2. இரண்டாவதையே கேளுங்கள். பிரீசெட் எங்கே எடுத்தாலும் புரோகிராம் அதே. ஹைடென்ஹைனில் திரும்பும் முன் டூல் முழுதாகப் பின்வாங்குகிறதா (எம்140 எம்பி மேக்ஸ் அல்லது எம்91-இல் இசட் உயரம்), முடிவில் பிளேன் ரீசெட் இருக்கிறதா, இரண்டு கோணத் தீர்வில் எது என்பதற்கு செக் + அல்லது செக் − எழுதுகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் டிரனியன் நீங்கள் நினைக்காத பக்கம் சாயக்கூடும்.

கேமுக்குள் பார்க்கும் சிமுலேஷன் பெரும்பாலும் போஸ்ட்டுக்கு முந்தையது. இண்டெக்ஸ் திருப்பத்தில் ஹோல்டர் வைஸில் உரசுவதைப் பார்க்க வேண்டுமானால் போஸ்ட் ஆன கோப்பையே படித்து ஓட்டும் மெஷின் சிமுலேஷன் வேண்டும். வெரிகட் அந்த வகை. சில கேமில் உள்ளேயே இருக்கிறது, டெமோவில் தனியாகக் கேளுங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: போஸ்ட்டின் மூலக் கோப்பு பூட்டில்லாமல் கிடைக்குமா, விலைக்குள் எத்தனை திருத்தம், பதிப்பு மாறினால் யார் சரிசெய்வது.

---

ஐந்தாம்_அச்சு:

சுழல்தண்டு சொன்ன முதல் பாதியில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டுக்குள் கேம் வைத்தால் இரண்டையும் ஒரே நாளில் பதிப்பு உயர்த்த வேண்டும். சாலிட்வொர்க்ஸ் புதுப் பதிப்புக்கு ஆட்-இன் தயாராகாவிட்டால் கேம் நின்றுபோகும். உயர்த்திய கோப்பு பழைய பதிப்பில் திறக்காது; 2024-லிருந்துதான் முந்தைய இரண்டு பதிப்பு வரை சேமிக்கும் வசதி வந்தது. புரோகிராமருக்கு ஒரு கேட் லைசென்ஸும் தனியாக வேண்டும்.

தனி கேம் என்றால் ஸ்டெப்தான் வழி என்பதும் சரியல்ல. மாஸ்டர்கேம் சாலிட்வொர்க்ஸ் கோப்பை நேரடியாகத் திறக்கும். ‘சேஞ்ச் ரெகக்னிஷன்’ மூலம் பழைய மாடலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எந்த ஆபரேஷன் பாதிக்கப்படுகிறது என்று காட்டும். பாதி வேலை வெளி ஸ்டெப், மெஷின் 5-அச்சு என்றால் ஹைப்பர்மில், பவர்மில் போன்ற தனி கேமையும் டெமோ பட்டியலில் வையுங்கள். கைவிடுவதற்கு முன் உங்கள் தற்போதைய கேமில் நேட்டிவ் கோப்பு இறக்குமதி தனி ஆப்ஷனாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

---

சுழல்தண்டு:

பதிப்புப் பூட்டு பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் சேஞ்ச் ரெகக்னிஷன் எது மாறியது என்று காட்டும். மறுதேர்வு பல இடத்தில் கையால்தான். ஒரு ஹவுசிங்குக்கு நாலு ரிவிஷன் வரும் இடத்தில் அந்த வித்தியாசம் பெரிது. டெமோவில் இதையே சோதியுங்கள்: பாக்கெட்டை 2 மி.மீ. நகர்த்தி, ஒரு துளையை நீக்கி, ஒரு ஃபில்லெட் சேர்த்து, புது ஜி-கோடு கைக்கு வரும்வரை எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள். அவர்கள் மாதிரிப் பாகத்தில் வேண்டாம், உங்கள் பாகத்தில்.

---

கடைசல்:

யாரும் தொடாத ஒன்று. கேம் மாடலின் அளவை அப்படியே வெட்டும். டிராயிங்கில் உள்ள டாலரன்ஸ் அதற்குத் தெரியாது.

லேத் உதாரணம். ஒரே ஷாஃப்டில் இரண்டு இருக்கை, இரண்டும் 25 விட்டம். ஒன்று எச்6 ஷாஃப்ட் டாலரன்ஸ் (0 / −0.013), மற்றது கே6 (+0.015 / +0.002). மாடலில் இரண்டும் 25.000. ஃபினிஷிங் டூல் ஒன்றே. முதல் இருக்கை நடு அளவுக்கு வர ஆபரேட்டர் வியரில் −0.0065 போட்டால் இரண்டாவதும் 24.9935 ஆகிவிடும்; அதற்குக் கீழ் எல்லையே 25.002. ஆஃப்செட்டால் இதைத் தீர்க்க முடியாது. மெஷினிங் மாடலிலேயே ஒன்று 24.9935, மற்றது 25.0085 என்று இருக்க வேண்டும். அல்லது இரண்டு இருக்கைக்கும் வேறு வேறு ஆஃப்செட் எண் (T0505, T0515) கூப்பிடும்படி புரோகிராம் பிரிய வேண்டும். நான் இரண்டாவதையும் சேர்த்தே செய்யச் சொல்வேன். டூல் தேயும்போது ஒவ்வொன்றையும் தனியாகத் தட்டிவிடலாம்.

மில்லிங்கிலும் அப்படித்தான். 30 +0.1 / 0 என்ற பள்ளம் மாடலில் 30.05 ஆக இருக்கட்டும். இதை டிசைன் மாடலில் செய்தால் அசெம்பிளி டிராயிங்கில் 30.05 என்று எட்டிப் பார்க்கும். அதனால்தான் மேலே சொன்ன தனி மெஷினிங் மாடல்.

திரெட் துளை இன்னொரு பொறி. எம்8-க்கு டிரில் 6.8. ஆனால் சில கேட்டின் நூலகம் துளையை உள்விட்டம் 6.647-இல் வரையும், சிலது 6.8-இல், சிலது 8-இலேயே. தானியங்கித் துளை அடையாளம் விட்டத்தை வைத்து டிரில்லைத் தேடும், 6.647 கிடைக்காமல் 6.6-ஐ எடுத்தால் டாப் இறுகி உடையும். கேட்டின் துளை அமைப்பில் டாப் டிரில் விட்டம் என்று ஒரே விதியாக வையுங்கள்.

டூல் நூலகத்தில் ஹோல்டரும் வெளிநீட்டமும் உண்மையான அளவாக இருக்க வேண்டும். கேமில் 35 மி.மீ. நீட்டம், செட்டிங்கில் 28 என்றால் ஆழமான பாக்கெட்டில் ஹோல்டர் சுவரைத் தேய்க்கும். சிமுலேஷன் பச்சைக் கொடி காட்டியிருக்கும். செட்டப் ஷீட்டில் குறைந்தபட்ச நீட்டத்தைக் கேமே அச்சிடட்டும். லேத் டூலுக்கு மூக்கு ஆரமும் (0.4 அல்லது 0.8) முனைத் திசை எண்ணும் கேமிலும் கன்ட்ரோலிலும் ஒன்றாக இருக்க வேண்டும், நேர் விட்டத்தில் தப்பு தெரியாது, டேப்பரிலும் ஆரத்திலும் அளவு ஓடும்.

---

மைக்ரான்_பத்து:

எல்லோருக்கும் நன்றி. கேம்வொர்க்ஸ், மாஸ்டர்கேம் இரண்டையும் எங்கள் ஹவுசிங்கிலேயே டெமோ கேட்கப் போகிறோம். ஒரு துணைக் கேள்வி: ஃபேனுக் மெஷினில் ஒன்று பழையது, மெமரி போதாமல் ஆர்எஸ்-232 வழியாக 9600 பாட் வேகத்தில் ஓட்டுகிறோம். 3டி ஃபினிஷிங்கில் எஃப்1500 கொடுத்தாலும் விக்கி விக்கி ஓடுகிறது. புது கேம் வந்தால் சரியாகுமா?

---

இசட்_ஜீரோ:

கேமை மாற்றினால் சரியாகாது, அதன் செட்டிங்கை மாற்றினால் குறையும். 9600 பாட் என்றால் நொடிக்குச் சுமார் 960 எழுத்து. ஒரு வரிக்கு 20 எழுத்து வைத்தால் நொடிக்கு 48 வரி. வரிக்கு 0.1 மி.மீ. நகர்வு என்றால் நொடிக்கு 4.8 மி.மீ., அதாவது நிமிடத்துக்கு 288 மி.மீ.க்கு மேல் மெஷினால் போகவே முடியாது. எஃப்1500-க்கு ஒவ்வொரு வரியும் குறைந்தது 0.52 மி.மீ. நகர வேண்டும்.

துண்டின் நீளத்தைத் தீர்மானிப்பது கேமில் உள்ள டாலரன்ஸ். ஆரம் ஆர், டாலரன்ஸ் இ என்றால் நீளம் ஏறக்குறைய (8 × ஆர் × இ) என்ற பெருக்கல் தொகையின் வர்க்கமூலம். ஆரம் 50, டாலரன்ஸ் 0.01 என்றால் 2 மி.மீ., பிரச்சினை இல்லை. ஆரம் 5, டாலரன்ஸ் 0.002 என்றால் 0.28 மி.மீ., விக்கும். ஃபினிஷிங் டாலரன்ஸை 0.01-க்குத் தளர்த்தினால் அதே ஆரம் 5-இல் 0.63 மி.மீ. கிடைக்கும். ஆர்க் ஃபிட்டைப் (சிறு கோடுகளைச் சேர்த்து வில்லாக எழுதும் வசதி) போடுங்கள், வரி எண்களைப் போஸ்ட்டில் நிறுத்துங்கள், மாறாத ஆயத்தைத் திரும்ப எழுத விடாதீர்கள். வரி 20-லிருந்து 14 எழுத்தாகக் குறைந்தாலே நொடிக்கு 68 வரி. 19200 பாட் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் அதற்கு மாறுங்கள். கன்ட்ரோலில் கார்டு ஸ்லாட் இருந்தால் கேபிளையே கழற்றிவிட்டு கார்டிலிருந்து ஓட்டலாம். அதன் பிறகும் விக்கினால் கன்ட்ரோலின் வரி படிக்கும் வேகம்தான் எல்லை, ஜி05.1 (வரிகளை முன்கூட்டியே படித்து ஓட்டும்) ஆப்ஷன் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஃபினிஷிங் தொடக்கத்தில் ஜி05.1 க்யூ1, முடிவில் க்யூ0 வரும்படி போஸ்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.